டேகுக்கு வெளியே சிந்திய எழுத்து: ரெஜெக்ஸ் கேள்வி பதில்

சென்னையில் புத்தகங்களையும் ஆய்விதழ்களையும் எக்ஸ்எம்எல்லாக (உரையின் பகுதிகளை டேக் என்னும் குறிகளுக்குள் வைக்கும் வடிவம்) மாற்றும் வேலையில் இருப்பவர்கள் ரெஜெக்ஸ், அதாவது எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடும் குறிமுறை, பற்றிக் கேட்டவை. எடுத்துக்காட்டுகளில் <பிரிவு> உறுப்புகளை (டேகிட்ட பகுதிகளை) மட்டுமே கொள்ளும். உரை <பத்தி>, <தலைப்பு> இவற்றுக்குள்தான் இருக்க வேண்டும்.

பெருங்குடியிலிருந்து: சார், இரண்டு பத்திகளுக்கு நடுவே அநாதையாகக் கிடக்கும் எழுத்தைத் தேட (?<=>)[^<]+(?=<) போட்டேன். ஃபைல் முழுக்கப் பிடிக்கிறது.

பிடிக்கத்தான் செய்யும். எந்த டேகுக்குப் பின்னால் வரும் உரையும், வெறும் வரி முறிவும்கூட இதற்குப் பொருந்தும். பத்திக்குள் </தடிப்பு> முடிந்ததும் தொடரும் உரை சரியான உரைதானே? பொதுவான '>' குறியை விட்டு, முடியும் டேகையே லுக்பிஹைண்டில் (முன்னால் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் பகுதி) வையுங்கள்:

(?<=</பத்தி>)[^<]*[!-;=-௺][^<]*

நடுவில் உள்ள [!-;=-௺] என்ற அடைப்பு, கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்றாவது வேண்டும் என்கிறது. ஸ்பேஸ், டேப், வரி முறிவு அதில் வராது. கடைசியில் (?=<) தேவையில்லை, [^<]* எப்படியும் '<' வந்தால் நின்றுவிடும். </தலைப்பு>, </பிரிவு> இரண்டுக்கும் தனித்தனியே ஓட்டுங்கள்.

தரமணியிலிருந்து: வெற்றிடத்துக்கு வழக்கமான பேக்ஸ்லாஷ்-எஸ் போதாதா?

எக்ஸ்எம்எல்லுக்கு வெற்றிடம் என்பது நான்கே: ஸ்பேஸ், டேப், இரண்டு வரி முறிவுக் குறிகள். வேர்டிலிருந்து ஒட்டும்போது வந்துவிடும் நோ-பிரேக் ஸ்பேஸ் (யூனிகோட் எண் 160) பார்சருக்கு (எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் நிரலுக்கு) உரைதான். பைதான் அதை வெற்றிடம் என்று எண்ணிக் கடந்துபோகும். ஜாவா இயல்பு அமைப்பில் அப்படி எண்ணாது. ஒரே பேட்டர்ன் இரண்டு கருவிகளில் இரண்டு விடை தருவதற்கு இதுதான் காரணம். மேலே உள்ள அடைப்பு 160-ஐப் பிடிக்கும். ஆனால் ௺ குறியின் எண் 3066. வளைந்த மேற்கோள் குறிகள் (8216 முதல் 8221), அகலமில்லா ஸ்பேஸ் (8203) அதற்கு அப்பால் இருக்கின்றன. அவற்றுக்குத் தனித் தேடல் வேண்டும்.

கிண்டியிலிருந்து: (?<=<பிரிவு[^>]*>) பைதானில் பிழை காட்டுகிறது. டாட்நெட்டில் ஓடுகிறது.

பைதானின் இயல்பான ரெஜெக்ஸ் நூலகம் லுக்பிஹைண்டுக்கு நிலையான நீளம் கேட்கும், டாட்நெட் கேட்காது. ஜாவாவுக்கு உச்ச நீளம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே லுக்பிஹைண்டே வேண்டாம், குழுவாகப் பிடியுங்கள்:

(<பிரிவு(?=[ >])[^>]*>)([^<]*[!-;=-௺][^<]*)

சிந்திய எழுத்து இரண்டாம் குழுவில் இருக்கும். (?=[ >]) இல்லையென்றால் <பிரிவுத்தலைப்பு> என்ற டேகும் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் சொல்லெல்லைக் குறி (பேக்ஸ்லாஷ்-பி) போடாதீர்கள்: பைதான் உயிர்மெய்க் குறிகளைச் சொல்லெழுத்தாக எண்ணாது, தமிழ்ப் பெயரின் நடுவிலேயே எல்லை விழும். இன்னொன்று, பண்பு மதிப்புக்குள் '>' வரலாம், '<' வரக் கூடாது. <பிரிவு குறி="5>3"> போன்றவற்றில் [^>]* பாதியிலேயே நிற்கும்; அப்போது வரும் முடிவு பொய்.

அம்பத்தூரிலிருந்து: கமென்டுக்குள் இருப்பதும் வருகிறதே?

நகல் எடுத்து, அதில் <!--(?:[^-]|-[^-])*--> தேடி நீக்கிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். கமென்டுக்குள் இரட்டைக் கோடு வர எக்ஸ்எம்எல் விடாது, அதனால் இந்த பேட்டர்ன் மிகச் சரி.

வேளச்சேரியிலிருந்து: கிடைத்ததை எல்லாம் ஒரே அடியாக அழித்துவிடலாமா?

கூடவே கூடாது. பல சமயம் அது குப்பையாக இருக்காது: பத்தியின் கடைசி வரி, பக்க முறிவில் டேக் முன்கூட்டியே மூடப்பட்டு வெளியே தள்ளப்பட்டிருக்கும். மூலப் பிடிஎஃப்போடு ஒப்பிட்டு, வரி பத்திக்கு உரியது என்றால் </பத்தி>([^<]*[!-;=-௺]) தேடி $1</பத்தி> என மாற்றுங்கள், ஒவ்வொன்றாக. ரீபிளேஸ் ஆல் பட்டன் பக்கம் போகாதீர்கள்.

வேளச்சேரியிலிருந்து, மறுபடி: வேலிடேஷன் ஏன் இதைச் சொல்லவில்லை?

வெல்-ஃபார்ம்டு சோதனை (டேகுகள் சரியாகத் திறந்து மூடுகின்றனவா என்பது போன்றவை) மட்டும் செய்திருப்பீர்கள், அதற்கு இது பிழையே அல்ல. டிடிடியோடு (எந்த உறுப்புக்குள் எது வரலாம் என்ற விதிகள்) ஓட்டியும் அமைதி என்றால், <பிரிவு> கலப்பு உள்ளடக்கமாக (உரையும் உறுப்புகளும் கலந்து வரலாம் என) அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.