22 ஏக்கரும் வெள்ளைவால் மானும்: கேள்வி-பதில்

கேள்வி: பென்சில்வேனியாவில் 22 ஏக்கர் மரக்காடு வாங்கியிருக்கிறோம். நெடிய மரங்கள், கீழே பூங்காபோல் சுத்தமான தரை. ஆனால் மான்கள் நிற்பதே இல்லை, கடந்து போய்விடுகின்றன. ஏன்?

பதில்: அந்தச் சுத்தம்தான் காரணம். வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான் நம் ஊர்ப் புள்ளிமான் மாதிரி புல்லை நம்பி வாழ்வதில்லை. முற்றிய புல் அதற்குச் சரியாகச் செரிக்காது. கொழுந்து, அகன்ற இலைப் பூண்டுகள், இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டை, இவைதான் அதன் சாப்பாடு. மேலே கிளைகள் பின்னி மூடிக்கொண்டால் தரைக்கு வெயில் வராது. அப்புறம் மானின் வாய்க்கு எட்டும் நாலைந்து அடி உயரத்துக்குள் என்ன முளைக்கும்? படுத்து மறையவும் புதர் இல்லை.

ஆகவே வெட்டத்தான் வேண்டும். ஒரேயடியாக வேண்டாம். இந்த ஆண்டு இரண்டு மூன்று ஏக்கர் திட்டு ஒன்று, சில ஆண்டுகள் கழித்து இன்னொன்று என்று போனால், எப்போதும் ஏதாவது ஒரு மூலையில் இளந்தழை இருக்கும். நல்ல ஓக் மரங்களை விட்டுவிட்டு, அவற்றின் உச்சியை நெருக்கும் செம்மேப்பிள், பீச் (beech) மரங்களை எடுங்கள். வெள்ளை ஓக், சிவப்பு ஓக் இரண்டுமே இருக்கட்டும். வெள்ளை ஓக்கின் கொட்டை ஒரே பருவத்தில் முற்றும், துவர்ப்பும் குறைவு. மான் முதலில் தேடுவது அதைத்தான். சிவப்பு ஓக்கின் கொட்டை முற்ற இரண்டு பருவம் ஆகும். வசந்தத்தில் பின்பனி பூவைக் கருக்கினால் வெள்ளை ஓக் அந்த ஆண்டே ஏமாற்றும், சிவப்பு ஓக் அடுத்த ஆண்டு.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: மர வியாபாரியை நேராக உள்ளே விடாதீர்கள். விலைபோகும் மரத்தை எடுத்துக்கொண்டு கோணல்மாணலை உங்களுக்கு விட்டுப்போவார். உங்கள் பக்கம் நின்று மரத்தைக் குறியிட ஒரு ஃபாரஸ்டரை (காடு பராமரிப்பு நிபுணரை) அமர்த்துங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வெட்டினோம். பெரணியை (fern) தவிர எதுவும் வரவில்லையே?

பதில்: முளைக்கிறது, முளைத்ததும் மான் தின்றுவிடுகிறது. பெரணியைத் தொடாது. அதனால் பெரணி படர்ந்து, மிச்சமிருக்கும் மரக்கன்றையும் நிழலில் அமுக்கிவிடும். பென்சில்வேனியாவின் அலகேனி பீடபூமியில் அமெரிக்க வனத்துறை, சதுர மைலுக்கு 10 முதல் 64 மான் வரை வெவ்வேறு எண்ணிக்கையில் அடைத்துப் பத்தாண்டு பார்த்தது. மான் கூடக்கூடக் கன்றுகளின் வகை சுருங்கியது, பெரணி பெருகியது. உங்கள் திட்டைச் சுற்றி எட்டடிக் கம்பிவேலி போடலாம், செலவு அதிகம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆர்னாட் காட்டில் 2017 முதல், வெட்டிய கிளைகளையும் விற்காத மரங்களையும் பத்தடி உயரத்துக்கு மதில்போல் குவித்து மானைத் தடுக்கிறார்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் பெரணி ஏற்கெனவே மூடிவிட்டால் அதை முதலில் ஒழிக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். நிலத்தில் வேட்டைக்கு அனுமதிக்காமல் காட்டைப் பராமரிக்க முடியாதா?

பதில்: என் வீட்டிலும் சைவம்தான், அதனால் தயக்கம் புரிகிறது. ஆனால் பென்சில்வேனியா போன்ற இடங்களில் ஓநாயும் இல்லை, மலைச்சிங்கமும் இல்லை. தீனி நன்றாக இருந்தால் வளர்ந்த பிணைமான் ஆண்டுக்கு இரண்டு குட்டி போடும். நீங்கள் தீனியைப் பெருக்குகிறீர்கள்; குட்டிகளும் பெருகும்; அவையே காட்டைத் தின்று தீர்த்துவிட்டுக் கடுங்குளிரில் பட்டினி கிடக்கும். வேலிக்குள் சில ஏக்கரைக் காப்பாற்றலாம், அவ்வளவே. அனுமதிப்பதானால் கொம்புள்ள ஆண் மானை மட்டும் சுட்டுப்போகிறவர்கள் வேண்டாம். எண்ணிக்கை குறைவது பிணையைக் குறைத்தால்தான். இறைச்சியை உணவு வங்கிக்குக் கொடுக்கும் வேட்டைக்காரர்களும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மிச்சிகன் குளிரில் மான்கள் எலும்பும் தோலுமாக வருகின்றன. மக்காச்சோளம் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். குளிர்காலத்தில் அவற்றின் வயிறு குச்சிக்கும் மொட்டுக்கும் பழகியிருக்கும். திடீரென்று சோளம் போனால் இரைப்பையில் அமிலம் ஏறி, வயிறு நிறைந்தபடியே சாகவும் கூடும். ஒரே இடத்தில் எல்லா மான்களும் வாய் வைப்பதால், மூளையைத் தாக்கி மானை மெலியவைத்துக் கொல்லும், குணமாகாத உருக்கி நோயும் (Chronic Wasting Disease) பரவும். இதற்காகவே 2019-இல் மிச்சிகனின் தெற்குப் பகுதியான கீழ்த் தீபகற்பத்தில் தீனி வைப்பதற்குத் தடை வந்தது. பனியைத் தாங்கும் ஹெம்லாக், வெள்ளை சீடார் ஊசியிலை மரத் தோப்புகளை வெட்டாமல் விடுங்கள். பக்கத்தில் மரம் வெட்டும் வேலை இருந்தால் குளிரில் வைத்துக்கொள்ளுங்கள். விழும் உச்சிக்கிளைகளே தீனி.

கேள்வி: டெக்சஸில் எங்கள் பண்ணையில் புள்ளிமான் திரிகிறது! ஊர் ஞாபகம் வருகிறது. இருக்கட்டுமா?

பதில்: 1930-களில் கொண்டுவந்து விட்டவற்றின் வம்சம். கொழுந்து இருக்கும்வரை வெள்ளைவாலோடு போட்டிபோட்டுத் தின்னும், தீர்ந்ததும் புல்லுக்கு மாறிக்கொள்ளும். வெள்ளைவாலுக்கு அந்த வசதி இல்லை. ஞாபகத்துக்கு ஒரு புகைப்படம் போதும்.

கேள்வி: ஜப்பானியப் பார்பெரி புதர் மானுக்கு மறைவிடம் ஆகுமே, விடலாமா?

பதில்: பிடுங்குங்கள். மான் அதைத் தின்னாது, ஈரம் தங்கி உண்ணிதான் பெருகும். வேலை முடிந்து குளிக்கும்போது முழங்கால் மடிப்பைப் பாருங்கள்.