டிசி அடமானப் பொருள் அல்ல

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறார். மகள் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். ரிசல்ட் வந்த வாரமே ஒரு புரோக்கர் வீடு தேடி வந்து, கவுன்சிலிங்கை நம்பினால் சீட் கிடைக்காது என்று சொல்லி, ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டார். கல்லூரியில் 35,000 ரூபாய் கட்டினோம், ரசீது இருக்கிறது. புரோக்கருக்குக் கொடுத்த 15,000 ரூபாய்க்கு ரசீது இல்லை. டிசி, மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது கவுன்சிலிங்கில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வேலூர் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. தனியார் கல்லூரியில் இன்னும் வகுப்பே தொடங்கவில்லை. ஆனால், "நான்கு வருட ஃபீஸையும் கட்டிவிட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்கொள்" என்கிறார்கள். அப்படிக் கட்டுவதாக 17 வயது மகளிடமும் வீட்டுக்காரரிடமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். வங்கியில் கல்விக் கடன் கேட்டால், வீட்டுக்காரரின் பழைய பைக் லோன் பாக்கியைக் காட்டி முடியாது என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அம்மா, பாகாயத்தில் உள்ள அந்த அரசுக் கல்லூரியில் கிடைத்திருக்கும் இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். ஒதுக்கீட்டு ஆணையில் சேர வேண்டிய கடைசி நாள் போட்டிருக்கும். மற்ற எல்லாவற்றையும்விட அந்தத் தேதிதான் முக்கியம். ஒரிஜினல் கைக்கு வரவில்லை என்றாலும் அந்த நாளுக்குள் மகளோடு கல்லூரிக்குப் போய்விடுங்கள். அரசின் டிஜிலாக்கர் செயலியில் பிளஸ் டூ மார்க் ஷீட் கிடைக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்கள் இன்ன கல்லூரியில் இருக்கின்றன, கேட்டு எழுதியிருக்கிறோம், அவகாசம் வேண்டும் என்று முதல்வருக்கு ஒரு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

"தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் டிசி வாங்கிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அது வேண்டவே வேண்டாம். தொலையாததைத் தொலைந்தது என்று புகார் கொடுப்பது குற்றம். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கும்போது ஒரு பொய்யை ஏன் நடுவில் நுழைக்க வேண்டும்?

சரி, அந்தக் கல்லூரி உங்கள் சான்றிதழைப் பிடித்து வைக்க முடியுமா? முடியாது. ஒருவருடைய பொருளை பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் பொது உரிமை யாருக்கு உண்டு என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவு பட்டியல் போடுகிறது. வங்கிகள் அதில் உண்டு, கல்லூரி இல்லை. கல்விச் சான்றிதழ் விற்று வாங்கும் சரக்கல்ல, அதை அடமானம்போல வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி இன்னும் வெளிப்படையானது. வகுப்பு தொடங்கும் முன் விலகும் மாணவரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒரிஜினல்களை வைத்துக்கொள்ளக் கூடாது. எப்போது விலகினாலும் அடுத்த ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது. உங்கள் கணக்கில், 34,000 ரூபாயும் சான்றிதழ்களும் திரும்பி வர வேண்டும்.

எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று பயப்படாதீர்கள். 18 வயது ஆகாதவர் செய்த ஒப்பந்தம் செல்லவே செல்லாது. 1903-ல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மோகரி பீபி வழக்கில் சொன்னது, இன்றைக்கும் அதுதான் சட்டம். உங்கள் வீட்டுக்காரர் பெரியவர்தான், ஆனாலும் ஏ.ஐ.சி.டி.இ. கூடாது என்று தடுத்திருக்கும் ஒன்றை அவரிடம் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கிச் சாதித்துக்கொள்ள முடியாது.

ஆனால் இதையெல்லாம் கல்லூரி ஆபீஸில் போய் வாய்ச்சண்டையாகப் பேசிப் பலனில்லை. ஜூலை, ஆகஸ்ட் வந்தால் மஞ்சப்பையில் ஃபைலை வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்து முறை கல்லூரிக்கு நடந்திருப்பார்கள், ஒரு கடிதம்கூட எழுதியிருக்க மாட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். நடந்ததற்குச் சாட்சி இல்லை, எழுதினால் இருக்கும். இன்றைக்கே மகள் பெயரில், நீங்களும் கையெழுத்துப் போட்டு, ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: இன்ன தேதியில் சேர்ந்தேன், இன்ன ரசீது எண்ணில் இவ்வளவு கட்டினேன், வகுப்பு தொடங்கும் முன் விலகுகிறேன், ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி சான்றிதழையும் பணத்தையும் 7 நாளில் தரவும். முதல்வருக்கு ஸ்பீடு போஸ்ட், அதோடு மின்னஞ்சல். நகல்களை அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் ஏ.ஐ.சி.டி.இ.க்கும் அனுப்புங்கள். நகல் போயிருக்கிறது என்று தெரிந்ததுமே இறங்கி வரும் கல்லூரிகள் உண்டு.

இறங்கி வரவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. வேலூர் மாவட்டத்துக்குச் சென்னைதான். செலவை நினைத்துத் தயங்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் 12-வது பிரிவில், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால் வழி சொல்வார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இப்போதைக்குப் போக வேண்டாம். கல்வி விலைக்கு வாங்கும் பண்டமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் பி.டி.கோஷி வழக்கில் சொன்னதைக் காட்டி எதிர்த்தரப்பு இழுத்தடிக்கும். வழக்கு அங்கே நிற்குமா என்பதே தனி வழக்காகிவிடும். உங்களுக்கு அவ்வளவு நாள் இல்லை.

புரோக்கரின் 15,000 கஷ்டம்தான். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை அழிக்காதீர்கள், வாட்ஸ்அப் பேச்சையும் வைத்திருங்கள். அந்தப் பணம் கல்லூரிக்காக வாங்கப்பட்டது என்று காட்ட முடிந்தால், நன்கொடை வசூலைத் தடை செய்யும் 1992-ம் வருடத்துத் தமிழ்நாடு சட்டம் இருக்கிறது.

இனி கடன். அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் இது கிடைக்காது, முதல் பட்டதாரி சலுகையும் கிடைக்காது. உங்கள் மகளுக்கு உரிமையாக இருந்ததை மறைத்துத்தான் அந்தப் புரோக்கர் உங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார், எனக்குக் கோபம் வருவது அதற்குத்தான். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், மத்திய தொழிலாளர் நலத் துறையின் உதவித்தொகைக்கு தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை உண்டு. ஆக, உங்களுக்குக் கடனே தேவைப்படாமல் போகலாம்.

லேப்டாப் போன்ற செலவுக்குத் தேவைப்பட்டால், 4 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. பெற்றோரின் சிபில் மதிப்பெண் பற்றி, அதாவது பழைய கடனை ஒழுங்காகக் கட்டினார்களா என்று காட்டும் மதிப்பெண் பற்றி, வங்கி பேசும். படிக்கும் மாணவரின் கடனைக் குறைந்த சிபிலைக் காட்டி மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அது நம் ஊர் வங்கியைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம். வீட்டுக்காரருக்குப் பதில் உங்களை இணைக் கடனாளியாகப் போட்டு, கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், விண்ணப்ப எண் கிடைக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனு கொடுத்து வையுங்கள். அதுவும் சத்துவாச்சாரியில்தான், சட்ட உதவிக்குப் போகும் அன்றைக்கே இரண்டையும் முடித்துவிடலாம்.