மவுஸ் அம்பை மாற்றுவது எப்படி: கேள்வி பதில்

கர்சர் மாற்றுவதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்திருக்கிறது. 18 வருடமாகக் கணினி சர்வீஸ் பார்க்கிறேன். விண்டோஸ் தினமும் கையாளுவது, லினக்ஸ் வீட்டில் இருக்கிறது, மேக் ஓரளவு தெரியும். செல்போன் கேள்விகளுக்கு அதில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11 செட்டிங்ஸில் அம்பைப் பெரிதாக்கலாம், கலர் மாற்றலாம் என்றுதான் இருக்கிறது. உருவத்தையே மாற்றும் இடம் எங்கே, சார்?

பழைய ஜன்னலில் ஒளிந்திருக்கிறது. செட்டிங்ஸ், ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ், அதில் கீழே அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ். அதைத் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும், அதில் பாயிண்டர்ஸ் என்ற பக்கம். அங்கே 17 வரி இருக்கும். அம்பு, கை, எழுத்துக்கோடு, சுற்றும் வளையம், ஓரத்தை இழுக்கும் இருமுனை அம்புகள் என்று வேலைக்கு ஒரு உருவம். 17ஐயும் மாற்ற வேண்டியதில்லை. அம்பு, கை, வளையம் மூன்றையும் மாற்றினாலே முகம் மாறிவிடும்.

ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, ப்ரவுஸ் போய், உங்கள் கோப்பைக் காட்டுங்கள். அசையாத படம் என்றால் டாட் சியுஆர், அசைவது என்றால் டாட் ஏஎன்ஐ. முடிந்ததும் சேவ் ஆஸ் கொடுத்து ஒரு பெயர் வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அடுத்த வாரம் "போய்விட்டது" என்று வருகிறார்கள்.

கேள்வி: நேற்று மாற்றினேன், இன்று ஆன் செய்தால் பழைய வெள்ளை அம்பே நிற்கிறது. ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணம்தான். ஒன்று, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்தபடியே தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு ஃபோல்டரைச் சுத்தம் செய்திருப்பீர்கள். விண்டோஸ் படத்தைத் தன்னிடம் எடுத்து வைத்துக்கொள்வதில்லை, எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் எழுதிக்கொள்கிறது. கோப்பு அங்கே இல்லை என்றால் பழைய அம்பு. அதனால் முதலில் நிரந்தரமான ஒரு ஃபோல்டரில் வையுங்கள், பிறகு தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, வால்பேப்பர் தீம் மாற்றியிருப்பீர்கள். அதே பாயிண்டர்ஸ் பக்கத்தின் அடியில், தீம்கள் அம்பை மாற்றலாம் என்ற கட்டத்தில் டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நல்ல கர்சர் எங்கே இலவசமாகக் கிடைக்கும்? லிங்க் ப்ளீஸ்.

லிங்க் தருவதில்லை என்று வைத்திருக்கிறேன். இன்று நன்றாக இருக்கும் தளம் ஆறு மாதத்தில் கை மாறிவிடுகிறது. எதை எடுக்கக்கூடாது என்று சொல்கிறேன், அது எப்போதும் மாறாது.

கர்சர் என்பது ஒரு படம். சில கேபி இருக்கும். அதை வைக்க எந்த மென்பொருளும் நிறுவ வேண்டியதில்லை. ஆகவே "கர்சர் பேக்" என்ற பெயரில் டாட் ஈஎக்ஸ்ஈ வந்தால் அதைத் திறக்காமலே அழியுங்கள். ஜிப் கோப்புக்குள் சியுஆர், ஏஎன்ஐ, கூடவே ஒரு ஐஎன்எஃப் இருந்தால் சரி. அந்த ஐஎன்எஃப் என்பது எழுத்துக்கோப்பு. நோட்பேடில் திறந்து படித்துவிட்டு, வலது க்ளிக்கில் இன்ஸ்டால் கொடுத்தால் தொகுப்பு முழுவதும் ஒரே அடியில் பதியும். பாயிண்டர்ஸ் பக்கத்தில் அதன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இது வீண் பயம் இல்லை. 1990களின் கடைசியில் காமெட் கர்சர் என்று ஒன்று வந்தது. போகிற தளத்துக்கு ஏற்ப அம்பு மாறும், பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பதையும் அது குறித்துக்கொண்டிருந்தது. ஸ்பைவேர் என்ற சொல் பரவிய காலத்தில் முதலில் அடிபட்ட பெயர்களில் அதுவும் ஒன்று. 2007இல் இன்னும் மோசம். அசையும் கர்சர் கோப்பை விண்டோஸ் படிக்கும் முறையிலேயே ஓட்டை. நச்சுக் கர்சர் வைத்த ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும், கணினி கைவிட்டுப் போய்விடும். மைக்ரோசாஃப்ட், திருத்தங்களை வெளியிடும் மாதாந்திர நாளுக்குக் காத்திருக்காமல் ஏப்ரல் 3ஆம் தேதியே திருத்தம் வெளியிட்டது. அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. ஈஎக்ஸ்ஈயை நாமே இரட்டைக் க்ளிக் செய்து உள்ளே விட்டால் அடைக்க எவராலும் முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு டிடிபி கடையில், வேலைக்கு வந்த பையன் மயிலிறகு கர்சர் வேண்டும் என்று இப்படி ஒன்றை ஓட்டினான். முகூர்த்த சீசன். பாதி முடித்த 40 கல்யாணப் பத்திரிகைக் கோப்புகள் திறக்கவே இல்லை. கடைக்காரர் அத்தனையையும் கையெழுத்துப் பிரதியிலிருந்து திரும்ப அடித்தார்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, கண்ணழுத்த நோய். அம்பு எங்கே என்று தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. அழகெல்லாம் வேண்டாம், தெரிந்தால் போதும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். கர்சரை மாற்றுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

முதலில் எதையும் மாற்றாமல் அப்பாவுக்குப் பின்னால் பத்து நிமிடம் உட்காருங்கள். என் அம்மாவுக்குச் செய்யும்போது இதைத்தான் செய்தேன். ஒவ்வொரு முறையும் மவுஸை இடது மேல் பக்கமாக விறுவிறு என்று தள்ளிக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டேன். "மூலைக்குப் போனா அங்கதானே நிக்கும், அங்கேர்ந்து கூட்டிட்டு வந்துடுவேன்" என்றார். திரையின் நடுவில் அம்பைக் கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. இதை அவராகச் சொல்லியிருக்கவே மாட்டார்.

செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, மவுஸ் பாயிண்டர் அண்ட் டச். அளவு 1 முதல் 15 வரை இருக்கிறது. 15க்குப் போகாதீர்கள். அவ்வளவு பெரிய அம்பு தன் உடம்பாலேயே எழுத்தை மறைக்கும். 3இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றி, அப்பா "ம், தெரியுது" என்று சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். என் அம்மாவுக்கு 4இல் நின்றது. கலரில் நான்காவது கட்டத்தில் விருப்ப நிறம் எடுக்கலாம். திரையில் வேறெங்கும் இல்லாத நிறமாக இருக்கட்டும். வெள்ளைப் பக்கங்களில் மஞ்சள் மங்கும், கருநீலமும் ரோஜாவும் நிற்கும்.

பிறகு அந்தப் பழைய பெட்டியில் பாயிண்டர் ஆப்ஷன்ஸ் பக்கம். கடைசி வரியில், கண்ட்ரோல் கீயை அழுத்தினால் அம்பின் இடத்தைக் காட்டு என்று இருக்கும், டிக் செய்யுங்கள். அழுத்தி விட்டால் அம்பைச் சுற்றி வட்டங்கள் சுருங்கி வரும். அது போதாவிட்டால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். இடது கண்ட்ரோல் கீயை இரண்டு தரம் தட்டினால் திரை முழுக்க இருண்டு அம்பைச் சுற்றி மட்டும் வெளிச்சம் விழும். அம்மா இப்போது மூலைக்குப் போவதில்லை.

எழுதும் இடத்தில் சிமிட்டும் கோடும் தெரியவில்லை என்றால் அது வேறு சமாச்சாரம். ஆக்சஸிபிலிட்டியிலேயே டெக்ஸ்ட் கர்சர் என்று தனியாக இருக்கிறது, தடிமனையும் அங்கேயே கூட்டலாம்.

கேள்வி: எழுத்தின் மேல் போனால் வரும் கோடு சில இடங்களில் மாயமாகிவிடுகிறது. மானிட்டர் கோளாறா?

இல்லை. அந்தக் கோட்டுக்குச் சொந்த நிறம் கிடையாது, பின்னால் இருப்பதைத் தலைகீழாக்கிக் காட்டும். வெள்ளைமேல் கறுப்பு, கறுப்புமேல் வெள்ளை. நடுச்சாம்பல்மேல்? சாம்பலின் தலைகீழும் கிட்டத்தட்ட அதே சாம்பல். ஓரக்கோடு போட்ட வேறொரு படத்தை வையுங்கள்.

கேள்வி: அண்ணா, விண்டோஸ் எக்ஸ்பியில் டைனோசர் ஓடுமே, வாழைப்பழம் உரியுமே, அதெல்லாம் 11இல் வருமா?

வரும் தம்பி. கோப்பு வகை மாறவே இல்லை. பழைய எக்ஸ்பி கணினி எங்காவது கிடந்தால் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் கர்சர்ஸ் ஃபோல்டரைத் திற. குதிரை, முரசு, பியானோ எல்லாம் அங்கேதான். புதிய திரையில் கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும், அவை 32க்கு 32 புள்ளியில் வரைந்தவை. வேகம் பிடிக்காவிட்டால் ரியல்வேர்ல்ட் கர்சர் எடிட்டர் என்ற கர்சர் வரையும் மென்பொருளில் மாற்றிக்கொள். ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நொடியில் 60இல் ஒரு பங்கு என்ற அலகில் எண்ணுவார்கள்.

கேள்வி: இலவச கர்சர் டவுன்லோட் லிங்க் கிடைக்குமா?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: அம்பு ஏன் சாய்ந்தே இருக்கிறது? வலக்கைக்காரர்கள் தங்கள் கை வரும் திசையில் வைத்துக்கொண்டார்கள். இடக்கைக்காரியான எனக்கு இது உறுத்துகிறது.

கை காரணம் இல்லை அம்மா. மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9ஆம் தேதி மவுஸை ஊருக்குக் காட்டியபோது அம்பு நேராக மேலே பார்த்துத்தான் இருந்தது. 1973இல் ஜெராக்ஸ் ஆல்ட்டோ என்ற கணினி வந்த பிறகு சாய்ந்தது. அதில் கர்சருக்குக் கிடைத்த இடம் 16க்கு 16 புள்ளி. கோலம் போடுபவர்களுக்கு உடனே புரியும். 16 புள்ளி வைத்து நேர்க்கோடு இழுத்தால் சுத்தமாக வரும், குறுக்குக்கோடு சரி பாதிச் சாய்வில் இழுத்தாலும் சுத்தமாக வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்வில் இழுத்தால் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். நேராக நிற்கும் அம்பின் இரண்டு விளிம்பும் அந்த நடுச்சாய்வுதான். இன்றைய விண்டோஸ் அம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இடது விளிம்பு செங்குத்து, வலது விளிம்பு சரிபாதிச் சாய்வு.

அவரே திரும்ப: அப்படியானால் வலப்பக்கம் சாய்த்திருக்கலாமே? கோலக் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதானே? இடப்பக்கம் தேர்ந்தெடுத்தது வலக்கைதான்.

நியாயமான மடக்கு. புள்ளிக்கணக்கு சாய்வை விளக்குகிறது, எந்தப் பக்கம் என்பதை விளக்கவில்லை. பக்கத்துக்கு நான் ஏற்றுக்கொள்ளும் காரணம், படத்தின் புள்ளிகளை இடது மேல் மூலையிலிருந்து 0, 0 என்று எண்ணுகிறோம். முனை அங்கேயே விழுந்தால் க்ளிக் எங்கே என்று கணக்கே போட வேண்டாம்.

இன்னொருவர்: சார் சொல்வதுதான் சரி. மவுஸ் மேசைமேல் இருக்கிறது, அம்பு திரையில் இருக்கிறது. கைக்கும் அம்புக்கும் சம்பந்தமே இல்லை.

மவுஸுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் திரைமேலேயே பேனா வைத்து வரைகிறவர்களை நினையுங்கள். வலக்கைக்காரரின் கை முனைக்குக் கீழே வலப்பக்கம் கிடக்கும், அம்பின் உடம்பும் அங்கேதான், இரண்டும் ஒரே இடத்தை மறைக்கும். இடக்கைக்காரருக்குக் கை ஒரு பக்கத்தை மறைக்கும், அம்பு மறுபக்கத்தை மறைக்கும். அவர் பார்வைக்கு மிஞ்சுவது குறைவு. ஆகவே அம்மா, நீங்கள் பேனாவால் வரைகிறவர் என்றால் உறுத்தல் நியாயம். அம்பைக் கண்ணாடிபோலப் புரட்டி வைத்துக்கொள்ளுங்கள், எடிட்டரில் ஒரு நிமிட வேலை.

கேள்வி: எக்செலில் மட்டும் தடித்த வெள்ளைக் கூட்டல் குறி. நான் வைத்ததைக் காட்டவில்லை.

அது எக்செலின் சொந்தக் கர்சர். மாற்ற முடியாது. பல விளையாட்டுகளும் இப்படித்தான்.

கேள்வி: போட்டோஷாப்பில் ப்ரஷ் வட்டம் போய் கூட்டல் வந்துவிட்டது.

கேப்ஸ் லாக்கை அணையுங்கள்.

கேள்வி: என் வலைத்தளத்தில் சொந்தக் கர்சர் வைத்தேன், வேலை செய்யவில்லை. கல்லூரி ப்ராஜெக்ட்.

சிஎஸ்எஸ்ஸில் யூஆர்எல் எழுதியபின், காற்புள்ளி போட்டு ஆட்டோ என்று எழுதினீர்களா? அந்த மாற்று இல்லாவிட்டால் உலாவி முழு வரியையும் தள்ளிவிடும். படம் 128க்கு 128ஐத் தாண்டக்கூடாது, 32க்கு 32 உத்தமம். அசையும் ஜிஃப் அசையாது. யூஆர்எல்லுக்கும் காற்புள்ளிக்கும் நடுவில் இரண்டு எண் எழுதலாம், க்ளிக் விழும் புள்ளி அது.

கேள்வி: க்ரோம் எக்ஸ்டென்ஷன் போட்டால் சுலபமாமே?

சுலபம்தான். நிறுவும்போது எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். உங்கள் வங்கிப் பக்கமும் அந்த "எல்லா"வில் சேர்த்தி. ஒரு படத்துக்காக அதைத் தர வேண்டாம். க்ரோமின் சொந்த செட்டிங்ஸ் பக்கத்தில் அது வேலையும் செய்யாது.

கேள்வி: மேக்? லினக்ஸ்?

மேக்கில் ஆக்சஸிபிலிட்டி, டிஸ்ப்ளே, பாயிண்டர். மான்டரே பதிப்பு முதல் உள்நிறமும் ஓரநிறமும் மாற்றலாம், உருவத்தை ஆப்பிள் தருவதில்லை. லினக்ஸில் கர்சர் தீமை வீட்டு ஃபோல்டரில் டாட் ஐகான்ஸ் என்பதற்குள் போடுங்கள், உங்கள் டெஸ்க்டாப் க்னோம் என்றால் ட்வீக்ஸ் செயலியில் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஒரு க்ளிக் செய்தால் இரண்டு விழுகிறது, கர்சர் மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. மவுஸின் சுவிட்ச் தேய்ந்துவிட்டது.

கேள்வி: சூப்பர் கர்சர் செட் ஒன்று கிடைத்தது, செட்டப் டாட் ஈஎக்ஸ்ஈ, 14 எம்பி. போடலாமா?

கூடாது. அழியுங்கள். 14 எம்பியில் கர்சர் எவ்வளவு இருக்கும், மீதி என்ன இருக்கும் என்று யோசியுங்கள்.

இடக்கை அம்மா மறுபடி: புரட்டி வைத்துவிட்டேன், பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூடும் எக்ஸ் குறியில் முனையை வைத்துத் தட்டினால் மூடவில்லை, பக்கத்துப் பொத்தான் அழுந்தி ஜன்னல் சிறிதாகிறது.

படம் புரண்டது, ஹாட்ஸ்பாட் புரளவில்லை. க்ளிக் விழுவது அந்த ஒரே புள்ளியில்தான், படம் எப்படி இருந்தாலும். உங்கள் முனை இப்போது வலது மேல் மூலையில், க்ளிக் இன்னும் இடது மேல் மூலையில், 31 புள்ளி தள்ளி. எடிட்டரில் ஹாட்ஸ்பாட் கருவியை எடுத்து முனைமேல் ஒரு தரம் தட்டுங்கள், எண்கள் 31, 0 என்று மாறும். சேமித்துவிட்டு, பாயிண்டர்ஸ் பக்கத்தில் அதே கோப்பைத் திரும்பத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். கை உருவத்துக்கும் இதைச் செய்ய மறக்காதீர்கள், அதன் முனை மூலையில் இல்லை, விரல் நுனியில்.