'ரிமெம்பர்' என்றால் 'டு சென்ட்' வருமா, 'சென்டிங்' வருமா?

ஃபைலை அனுப்பியது நினைவிருக்கிறது என்று சொல்ல, மேலாளருக்கு 'ஐ ரிமெம்பர் டு சென்ட் த ஃபைல்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுத வேண்டியது 'ஐ ரிமெம்பர் சென்டிங் த ஃபைல்'. ஃபைலை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள், அது நினைவில் இருக்கிறது, அதற்கு 'சென்டிங்'தான். 'ரிமெம்பர் டு சென்ட்' என்றால் மறக்காமல் அனுப்புவது. அதனால்தான் மேலாளர் "இன்னும் அனுப்பவில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

பள்ளியில் 'டு' என்றாலே 'செய்ய' என்று மனப்பாடம் செய்த பழக்கம்தான் காரணமாக இருக்கும். எனக்கும் அது விட வெகுநாள் ஆனது.

சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'அனுப்பியது நினைவிருக்கிறது' என்று வந்தால் 'சென்டிங்'. 'அனுப்ப மறக்காதே' என்று வந்தால் 'டு சென்ட்'. 'ஸ்டாப்' கூட அப்படித்தான்: 'ஐ ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ' என்றால் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன், 'ஐ ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ' என்றால் டீயையே விட்டுவிட்டேன். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

ஆனால் எல்லா வினைக்கும் இந்த வழி செல்லாது. 'படிக்கப் பிடிக்கும்' என்ற நினைப்பில் 'என்ஜாய் டு ரீட்' என்று எழுதிவிடாதீர்கள். 'என்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்' மூன்றுக்கும் 'இங்' மட்டுமே. 'டிசைட்', 'ப்ராமிஸ்' என்றால் 'டு'. இவற்றை ஒவ்வொன்றாகப் பழகித்தான் ஆக வேண்டும்.