ஃப்ளேக் என்னும் பெயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஃபீனிக்ஸ் பக்கம் ஆறு வருடமாக இருக்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு வடக்கு அரிசோனா போனபோது 'ஸ்னோஃப்ளேக்' என்று ஓர் ஊர்ப் பலகையைப் பார்த்து, மகள் கேட்டாளே என்று வண்டியைத் திருப்பினேன். பனியும் இல்லை, பார்க்க ஒன்றும் இல்லை. அகலமான தெருக்கள், பழைய செங்கல் வீடுகள், ஓர் ஆலயம், அவ்வளவுதான். எராஸ்டஸ் ஸ்னோ, வில்லியம் ஃப்ளேக் என்ற இரண்டு மார்மன் மதப்பிரிவினரின் குடும்பப் பெயரை ஒட்டவைத்த ஊர் அது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பக்கத்து ஊர்கள் பலவும் அப்படித்தானாம். யாருமில்லாத பொட்டலில் வந்து ஊரை உண்டாக்கியவர்கள், பெயரை வைத்துக்கொண்டார்கள், சரி. பல பெண்டாட்டிக்காரர்கள் வேறு, ஊரை நிரப்ப ஆள் பஞ்சம் இருந்திருக்காது! மார்மன்கள் கிறிஸ்தவர்கள்தானா? இதுபோல வேறு ஊர்கள் எவற்றைப் பார்க்கலாம்? மார்மன்களின் மாநிலமான யூட்டாவுக்கு நீங்கள் போனதை ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க நானும் அந்தப் பெயரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்னோவை அல்ல, ஃப்ளேக்கை. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மார்மன்கள் கிறிஸ்தவர்களா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. அவர்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அது போதும்.

'யாருமில்லாத பொட்டல்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது கோபம் வந்தது. 1878-இல் வில்லியம் ஃப்ளேக் சில்வர் க்ரீக் ஓரம் வந்தபோது ஜேம்ஸ் ஸ்டின்சன் என்பவர் அங்கே பண்ணை வைத்து விவசாயம் செய்துகொண்டிருந்தார். ஃப்ளேக் அவரிடம் 11,000 டாலருக்கு விலை பேசி மாடுகளாகக் கொடுத்து வாங்கினார். விலை கொடுத்து வாங்கிய இடம் எப்படி யாருமில்லாத இடமாகும்? ஸ்டின்சனுக்கும் முன்னால் அது அப்பாச்சி பழங்குடிகள் புழங்கிய நிலம். பக்கத்திலேயே நவஹோக்கள், ஹோப்பிகள். டூபா சிட்டி என்று ஓர் ஊர் இருக்கிறதே, அது டூவி என்ற ஹோப்பித் தலைவரின் பெயர். மார்மன்கள் வைத்த பெயர்தான் அதுவும். யாருமில்லாத ஊரில் யார் பெயரை வைத்தார்கள்?

ஃப்ளேக் நேராக ஸ்னோஃப்ளேக்குக்கு வந்துவிடவில்லை. முதலில் லிட்டில் கொலராடோ ஆற்றங்கரையில் இறங்கினார். அந்த ஆறு மணலும் சேறுமாக வரும் ஆறு, கட்டிய அணையைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. 1876-இல் அந்த ஆற்றோரம் மார்மன்கள் போட்ட நான்கு குடியிருப்புகளில் இன்று மிஞ்சியது ஜோசப் சிட்டி ஒன்றுதான். அதுவும் முதலில் ஆலன் என்பவரின் பெயரில் 'ஆலன்ஸ் கேம்ப்' என்றுதான் இருந்தது. இது இருக்கட்டும்.

அந்தப் 'பெண்டாட்டி' வாக்கியத்துக்கு வருகிறேன். நீங்கள் நல்லவர் என்று கடிதத்தின் மற்ற வரிகளில் தெரிகிறது, அதனால்தான் திட்டுகிறேன். வில்லியம் ஃப்ளேக்கின் வீட்டில் லூசி என்று ஒரு பெண் இருந்தாள். 1858-இல் வில்லியமைக் கட்டினாள். பத்து வருடம் கழித்து ப்ரூடன்ஸ் அதே வீட்டுக்கு இரண்டாவது மனைவியாக வந்தாள். லூசி பதின்மூன்று பிள்ளைகள் பெற்றாள், அதில் சிலரைப் புதைத்தாள். 1880களில் பலதார மணத்துக்காக வில்லியம் யூமா சிறைக்குப் போனார். வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டது யார் என்று நினைக்கிறீர்கள்? வயதான காலத்தில் லூசி நாட்குறிப்பு எழுதினாள். ஒரு காலை நேரத்து வேலைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறாள்: கோழிகளைத் திறந்துவிட்டது, தண்ணீர் இறைத்தது, அடுப்பு மூட்டியது, உருளைக்கிழங்கை வேகவைத்தது, தரையில் அரை அங்குலம் படிந்திருந்த புழுதியைப் பெருக்கித் தள்ளியது. அரை அங்குலம். அதைப் படித்த பிறகு எனக்கு அந்த வீட்டை நினைத்துச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கும் வராது.

இப்போது நான் நினைத்துக்கொண்டிருந்த ஆளைப் பற்றி.

நான் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி போனது ஒரு குளிர்கால விடியலில். விமானம் தாமதமாகி, தூக்கமில்லாமல், அறை கிடைக்கும்வரை நடக்கலாம் என்று தெருவில் இறங்கினேன். மார்மன்களை மேற்கே அழைத்துவந்த தலைவர் பிரிகாம் யங்கின் சிலைப் பீடத்தில் ஒரு பட்டயம். 1847-இல் அந்தப் பள்ளத்தாக்குக்கு முதலில் வந்து சேர்ந்த குழுவின் பெயர்கள். பொழுது போகாமல் கையுறையைக் கழற்றிவிட்டு விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். உலோகம் ஐஸ் மாதிரி இருந்தது. 143 ஆண்கள், 3 பெண்கள், 2 குழந்தைகள் கொண்ட குழு அது. பட்டியலில் மூன்று பேரை மட்டும் தனியாகப் பிரித்து, 'நிறத்தவரான வேலையாட்கள்' என்று மேலே தலைப்பு போட்டிருந்தார்கள். ஹார்க் லே, ஆஸ்கர் க்ராஸ்பி, கிரீன் ஃப்ளேக். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

வேலையாட்கள் அல்ல, மூவரும் அடிமைகள். கிரீன் வட கரோலினாவில் ஃப்ளேக் குடும்பத்தின் பண்ணையில் பிறந்தவர். ஜேம்ஸ் மாடிசன் ஃப்ளேக்கின் சொத்து. அந்தக் குடும்பப் பெயர் அவருக்கு வந்தது அப்படித்தான். ஜேம்ஸ் மார்மன் ஆனார், கிரீனும் ஞானஸ்நானம் பெற்றார். 1847-இல் முதல் குழு மேற்கே கிளம்பியபோது தன் குடும்பத்துக்கு முன்னால் போய் வீடு கட்டி வை என்று ஜேம்ஸ் அவரை அனுப்பினார். அப்போது கிரீனுக்கு வயது 19.

இந்தத் தேதிகளை மட்டும் கவனியுங்கள். ஜூலை 21-ஆம் தேதி எராஸ்டஸ் ஸ்னோவும் ஆர்சன் ப்ராட்டும் பள்ளத்தாக்குக்குள் இறங்கினார்கள். மறுநாள், 22-ஆம் தேதி, முன்னணிப் படையோடு கிரீன் ஃப்ளேக் இறங்கினார். காய்ச்சலில் கிடந்த பிரிகாம் யங் வந்து சேர்ந்தது 24-ஆம் தேதி. இன்றைக்கும் யூட்டா முழுக்க விடுமுறை விட்டுக் கொண்டாடுவது அந்த 24-ஐத்தான். ஆனால் உங்கள் ஊர்ப் பலகையில் இருக்கிற 'ஸ்னோ'வும் ஒரு 'ஃப்ளேக்'கும் அந்த மண்ணை மிதித்தது அதற்கு முன்னால், ஒரு நாள் இடைவெளியில்.

கிரீன் மரம் வெட்டி ஒரு மரக்குடில் கட்டி வைத்தார். 1848-இல் ஃப்ளேக் குடும்பம் வந்து அதில் குடியேறியது. அந்தக் குடும்பத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் வில்லியம். ஆமாம், நம்முடைய வில்லியம் ஃப்ளேக்தான். மேற்கில் அவன் குடியிருந்த முதல் வீடு கிரீனின் கைவேலை. முப்பது வருடம் கழித்து அந்தப் பையன் மாடுகளைக் கொடுத்து நிலம் வாங்கினார், ஊருக்கு அவருடைய பெயர் வந்தது. நியாயமாக வந்த பெயர்தான், நான் மறுக்கவில்லை. உழைத்தார், சிறை போனார், வாங்கிய நிலத்தை வந்தவர்களுக்கெல்லாம் பிரித்துக்கொடுத்தார். ஆனால் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக அதேபோல வைத்திருந்த இன்னொருவர் அப்போது யூட்டாவில் விடுதலை பெற்ற மனிதராக உழுது பிழைத்துக்கொண்டிருந்தார். மார்த்தா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு, அதே சபையில் விசுவாசத்தோடு. கறுப்பின ஆண்களுக்கு குருத்துவம் கிடையாது என்ற தடையை அந்தச் சபை நீக்கியது 1978-இல். ஸ்னோஃப்ளேக்குக்கு அப்போது நூறு வயது.

கிரீன் 1903-இல் இறந்தார். யூட்டாவில் யூனியன் என்ற இடத்தின் கல்லறைத் தோட்டத்தில் மார்த்தாவின் பக்கத்தில் இருக்கிறார். 2022-இல்தான் சால்ட் லேக் சிட்டியின் பூங்கா ஒன்றில் அவருக்கும், ஹார்க், ஆஸ்கர் இருவருக்கும், ஜேன் மானிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்கும் சிலைகள் வைத்தார்கள். நான் போனபோது அது இல்லை. பட்டயம் மட்டும்தான் இருந்தது.

'பார்க்க ஒன்றும் இல்லை' என்கிறீர்களே, எனக்கு மனசு கேட்கவில்லை. உங்கள் மகள் ஃப்ளேக் என்றால் யார் என்று கேட்டிருப்பாள். கேட்காவிட்டாலும் இரண்டு பேரையும் சொல்லுங்கள், லூசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் புரியுமா என்று யோசிக்க வேண்டாம், வீடு கட்டிய கதை எல்லாக் குழந்தைக்கும் புரியும்.

வேறு ஊர்கள் கேட்டீர்கள். ஜோசப் சிட்டி உங்கள் வழியில்தான். வுட்ரஃப் பக்கத்தில் இருக்கிறது, அதுவும் ஒரு மார்மன் தலைவரின் பெயர், அங்கேயும் அணை உடைந்த கதைதான். ஷோ லோ வேண்டுமானால் பாருங்கள், அது சீட்டாட்டத்தில் வந்த பெயர். பனி வேண்டும் என்றால் ஜனவரியில் போங்கள், 5,600 அடி உயரம், கிடைக்கும். காற்று அடிக்கிற வசந்த காலத்தில் போனால் கார் கண்ணாடியை ஏற்றி வையுங்கள்.