சத்தமில்லாதவரை முதலில் பாருங்கள்

கேள்வி: பேரிடரில் ஒரே நேரத்தில் நூறு பேர் வந்தால் யாரை முதலில் பார்ப்பது, சிஸ்டர்? அழுதுகொண்டே கையைப் பிடிப்பவரை விட்டுப் போக எப்படி மனம் வரும்?
– செவிலியர் பயிற்சி மாணவி, தஞ்சாவூர்

பதில்: கையைப் பிடிப்பவருக்குப் பிடிக்கத் தெம்பு இருக்கிறது, தங்கையே. குரல் எழும்பினால் மூச்சு ஓடுகிறது. தேட வேண்டியது சத்தமில்லாமல் கிடப்பவரை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் காலைப் பணியில் இருந்தேன். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று யாரோ சொன்னபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. சுனாமி என்ற சொல்லையே அன்று மாலைதான் கேட்டேன். மீன் வண்டியிலும் கதவுப் பலகையிலும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கால் முறிந்த ஒருவர் கூடம் அதிரக் கத்த, எல்லோரும் அவரிடம் ஓடினோம். சுவரோரம் பத்து வயதுப் பையன் ஈர டவுசருடன் உட்கார்ந்திருந்தான். நடந்தே வந்தவன், கீறல்கூட இல்லை. அரை மணி கழித்துப் பார்க்கிறேன், உதடு நாவல்பழ நிறம். மூச்சு நிமிடத்துக்கு 52. நுரையீரலுக்குள் கடல்நீரும் சேறும் போயிருந்தன. ஆக்சிஜன் வைத்தோம். பிழைத்தான்.

யாரை முதலில் பார்ப்பது என்று வண்ண அட்டை கட்டிப் பிரிப்பதை முறையாகக் கற்றது பிறகுதான். பெரியவர்களில் நடக்க முடிந்தவருக்குப் பச்சை அட்டை, காத்திருக்கலாம். மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினாலோ, நகத்தை அழுத்திவிட்டபின் 2 நொடிக்குள் ரத்தநிறம் திரும்பாவிட்டாலோ, கண்ணைத் திற என்றால் திறக்காவிட்டாலோ சிவப்பு, உடனே பார்க்க வேண்டும். இவற்றில் சேராமல், நடக்கவும் முடியாதவருக்கு மஞ்சள், சிவப்புக்கு அடுத்து. மூச்சுப்பாதையைத் திறந்தும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு, இனி காப்பாற்ற முடியாது என்று பொருள். அதைக் கட்டும்போது கை நடுங்கும், நடுங்கட்டும். ஆனால் பச்சையை மறுபடி மறுபடி சுற்றிப் பாருங்கள். அந்தப் பையனும் பச்சையாகத்தான் வந்தான்.

வெள்ளத்தில் பட்ட காயத்தை உடனே தைத்துவிடாதீர்கள். நன்றாகக் கழுவி, திறந்தே வைத்துக் கட்டி, டெட்டனஸ் ஊசி போடுங்கள். அன்று அவசரத்தில் தைத்தவை மூன்றாம் நாள் சீழ் பிடித்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே மணலும் கிளிஞ்சல் துண்டும்.

கையைப் பிடிப்பவரிடம் 'இதோ வருகிறேன்' என்று சொல்லாதீர்கள், வர முடியாமல் போகலாம். பெயரைக் கேளுங்கள். அன்று எங்களிடம் அட்டை இல்லை; பிளாஸ்திரியில் பெயரும் ஊரும் எழுதி மணிக்கட்டில் ஒட்டினோம். எழுதி முடிப்பதற்குள் பிடி தளர்ந்துவிடும். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்று ஊர் ஊராக ஒரு நோட்டிலும் குறித்துக்கொண்டோம். இரவு வாசலில் தேடி வந்து நின்றவர்களுக்கு, டார்ச் வெளிச்சத்தில் அதைத்தான் வாசித்தேன்.