பயத்லான்: குறி தவறினால் என்ன ஆகும்? கேள்வி பதில்

கேள்வி: ஒரு குண்டு தவறினால் எல்லாப் போட்டியிலும் ஒரே தண்டனைதானா சார்?

இல்லைங்க, பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லானில் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது. தனிநபர் போட்டியில் (ஆண்களுக்கு 20 கி.மீ.) தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் உங்கள் நேரத்தில் ஒரு முழு நிமிடம் ஏற்றிவிடுவார்கள். ஸ்பிரின்ட் (குறுந்தூரம்), பர்சூட் (முன்னவரைத் துரத்துவது), மாஸ் ஸ்டார்ட் (எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவது) மூன்றிலும் அப்படி இல்லை, தவறுக்கு ஒன்று என்ற கணக்கில் 150 மீட்டர் அபராதச் சுற்றைச் சறுக்கி முடித்துவிட்டுத்தான் பாதைக்குத் திரும்ப முடியும், நல்ல வீரருக்கு அது அரை நிமிடம்கூட ஆகாது. அதனால் கால் வேகம் உள்ளவர் ஸ்பிரின்டில் ஒரு தவறைச் சமாளித்துவிடுவார், தனிநபர் போட்டியில் அதே தவறு அவரைக் கவிழ்த்துவிடும்.

கேள்வி: சுற்றைச் சறுக்காமல் நழுவிவிட்டால்?

விட்ட ஒவ்வொரு சுற்றுக்கும் 2 நிமிடம். யாரும் வேண்டுமென்று செய்ய மாட்டார்கள், பதற்றத்தில் எண்ணிக்கையை விட்டுவிடுவதுதான் நடக்கும்.

கேள்வி: துப்பாக்கியில் தொலைநோக்கி வைக்கலாமா? எடை எவ்வளவு?

வைக்கக் கூடாது. சிறு துளை வழியாகப் பார்க்கும் குறிகாட்டி மட்டும்தான், உருப்பெருக்கம் கிடையாது. .22 ரக ரைஃபிள், குறைந்தது 3.5 கிலோ, போட்டி முழுக்க முதுகில்தான். தானாக அடுத்த குண்டை ஏற்றும் ரகத்துக்கும் அனுமதியில்லை, ஒவ்வொரு முறையும் கையால்தான் போல்ட்டை (குண்டை உள்ளே தள்ளும் பகுதி) இழுக்க வேண்டும். சுடும் விசையும் ரொம்ப இலகுவாக இருக்கக் கூடாது, குறைந்தது 500 கிராம் அழுத்தம் வேண்டும்.

கேள்வி: படுத்துச் சுடுவது சுலபம்தானே, ஏன் அதிலும் தவறுகிறார்கள்?

தூரம் இரண்டுக்கும் 50 மீட்டர்தான். ஆனால் நின்று சுடும்போது இலக்கு 115 மி.மீ., படுத்தால் 45 மி.மீ. மட்டும். கண்ணுக்குத் தெரியும் கறுப்பு வட்டம் அதேதான், நடுவில் பட்டால்தான் கணக்கு. அப்புறம் காற்று வேறு இருக்கிறது. போட்டிக்கு முன் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்திருப்பார்கள், நடுவில் காற்று திரும்பினால் கொடியைப் பார்த்துக் குறிகாட்டியைத் திருக வேண்டும். அதைக் கவனிக்காமல் ஐந்தையும் ஒரே பக்கம் தவறவிட்டவர்கள் உண்டு.

கேள்வி: ரிலேயில் மட்டும் கூடுதல் குண்டு தருகிறார்களே?

ஆமாம், சுடும் ஒவ்வொரு முறையும் வழக்கமான ஐந்தோடு கூடுதலாக மூன்று. அவற்றைக் கையால் ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும், குளிரில் விறைத்த விரலோடு. எட்டும் தீர்ந்தும் இலக்கு மிச்சமிருந்தால் அபராதச் சுற்றுதான்.

கேள்வி: ஸ்கீ எனும் சறுக்குப் பலகைக்குப் பூசும் மெழுகில் ஏதோ தடை என்றார்களே?

ஃப்ளோரின் கலந்த மெழுகுக்கு 2023-24 சீசனிலிருந்து தடை. ஈரப்பனியில் அது அபாரமாக வழுக்கும், ஆனால் அந்த ரசாயனங்கள் மண்ணிலும் உடம்பிலும் மக்காமல் தங்கிவிடுகின்றன. இப்போது ஸ்கீயைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.